தேசிகத்துக்குக் கை முளைத்த கதை

ஜூன் 12

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கோபம் வந்தால் கத்தாமல் ஒரு டைரியில் எழுதிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஒரு டைரி போதாதே என்றாள் விசாலம், என் மனைவி. அவளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

முதல் கோபம் இன்றைக்கே வந்துவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி எங்கள் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. குழுவுக்குத் திருப்தி தராத துறைகளை வேறு துறையோடு இணைத்துவிடப் போவதாக முதல்வர் கூட்டத்தில் அறிவித்தார். அறிவிக்கும்போது என்னைத்தான் பார்த்தார். நான் இயற்பியல் துறைத்தலைவர். இந்த ஆண்டு எங்களிடம் ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். அதிலும் இரண்டு பேர் கணினி அறிவியலில் இடம் கிடைக்கும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்கள்.

நான் பதறவில்லை. விண்மீன் மண்டலங்களைப் பற்றிப் பாடம் நடத்தியே தலை நரைத்தவன். கோடானுகோடி விண்மீன்கள் ஒன்றாகக் கூடிச் சுழலும் கூட்டம்தான் விண்மீன் மண்டலம். நாம் இருக்கும் பால்வெளியும் அப்படி ஒன்றுதான். பெரிய மண்டலம் பக்கத்தில் வரும் சிறியதை விழுங்கி வளரும். இதில் பெரியது யார் என்பதுதான் கேள்வி. கணினி அறிவியல் துறை தொடங்கப்பட்டதே எங்களுடைய பழைய சாமான் அறையில். இணைப்பு என்று வந்தால் அது எங்களுக்குள் திரும்பி வந்து விழும், அவ்வளவுதான்.

ஜூன் 14

ஹசீனா மறுபடியும் சினாப்சிஸ் விஷயமாக வந்து நின்றாள். என் ஒரே ஆய்வு மாணவி. நீடூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள்.

அவள் கணினிக்குள் ஒரு விண்மீன் மண்டலத்தை வளர்க்கிறாள். ஏறக்குறைய ஒரே சீராகப் பரவிக் கிடக்கும் வாயு, கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் இருண்ட பொருள், ஈர்ப்பு விசை. இவற்றை உள்ளே போட்டுவிட்டு, பிரபஞ்சத்தின் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டுகளையும் ஓடவிட வேண்டும். என்ன உருவாகிறதோ அது உருவாகும். எங்கள் துறைக் கணினியில் ஓட்டினால் முதல் விண்மீன் பிறப்பதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்பதால், கணினி அறிவியல் துறையின் பெரிய கணினியில் ஓட்டினாள். போன வாரம் முடிந்துவிட்டது என்கிறாள்.

இந்த ஆய்வில் என் பங்களிப்பு, அந்த மண்டலத்துக்குத் 'தேசிகம்' என்று பெயர் வைத்தது. என் பெயர் தேசிகாமணி என்பது தற்செயல்.

சினாப்சிஸ் என்கிற அந்த ஆய்வுச் சுருக்கத்தில் வழிகாட்டியான என் கையெழுத்து வாங்கி, ஜூலை முடிவதற்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டுமாம். புனேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கொடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும். குழு வந்து போகட்டும் அம்மா, அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஆய்வு மாணவரே இல்லாத துறையாக நான் குழு முன்னால் போய் நிற்க முடியுமா? அவள் நன்மைக்காகவும்தான் சொல்கிறேன். அவசரப்பட்டால் ஆய்வில் பிழை வந்துவிடும்.

அவளுடைய முதல் அத்தியாயம் பொங்கலிலிருந்து என் மேசையில்தான் இருக்கிறது. கனமான அத்தியாயம். மற்ற காகிதங்கள் காற்றில் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

ஜூன் 19

கல்லூரி முழுக்க வெள்ளையடிக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு தொலைநோக்கி இரவல் வருகிறது. வராந்தாவில் வைக்கப் பூச்செடித் தொட்டிகள் வாடகைக்கு. தொட்டிகளை இறக்கிவைக்கும் பொறுப்பை ஹசீனாவிடம் விட்டிருக்கிறேன். பொறுப்பு கொடுத்தால்தான் பிள்ளைகள் வளர்வார்கள்.

முதல்வர் ஒத்திகை பார்க்க வந்தார். இருண்ட பொருள் என்றால் என்ன என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் மண்டலம் உருவாகவே முடியாது, சிதறிப் போய்விடும் என்று விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் குழுவிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். பிறகு, எங்கள் துறையில் பாதி வகுப்புகளை எடுக்கும் கௌரவ விரிவுரையாளர் குணபாலனைக் காட்டி, அன்றைக்கு இவரையும் உள்ளே எங்கேயாவது உட்கார வையுங்கள், நிரந்தர ஆசிரியர்கள் போதாது என்று எழுதிவிடுவார்கள் என்றார். இருட்டறை இருக்கிறது, ஒளியியல் சோதனைகள் செய்யும் அறை. குணபாலன் ஒரு மின்விசிறி மட்டும் கேட்டார்.

ஜூன் 23

இன்று ஹசீனா தேசிகத்தின் முழுப் படத்தையும் போட்டுக் காட்டினாள். எனக்கு அழுத்தம் ஏறிவிட்டது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் வெறும் பனிமூட்டம். பிறகு அங்கங்கே முடிச்சுகள். முடிச்சுகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர, நடுவில் வாயு குளிர்ந்து ஒரு வட்டாகச் சுழல்கிறது. நீல விண்மீன்கள் பிறக்கின்றன. இரண்டு அழகான சுருள் கைகள். எனக்கு மெய்சிலிர்த்தது என்று எழுத வெட்கமில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் பிளெக்ஸ் பேனருக்கு அருமையாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு சுருள் மண்டலம் பக்கவாட்டில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து, திரும்பி வந்து, கலந்து, கைகள் எல்லாம் பிய்ந்து போய், கடைசியில் திரையில் நின்றது சிவப்பாக ஒரு முட்டை. புதிய விண்மீன் ஒன்றுகூடப் பிறக்காத கிழட்டு முட்டை. அதற்கு என் பெயர்.

உடனே பிழையைப் பிடித்துவிட்டேன். அனுபவம் என்பது இதுதான். நீள்வட்ட மண்டலம் முதலில், சுருள் மண்டலம் பிறகு. முட்டை மெல்லச் சுழன்று தட்டையாகி, அதிலிருந்து கைகள் முளைக்கும். மண்டல வகைகளை இசைக்கவை போல இரண்டாகப் பிரித்துக் காட்டும் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, முட்டையிலிருந்து சுருளுக்கு அம்புக்குறி போட்டு, ஆண்டுதோறும் நடத்துகிறேன். இந்தப் பெண் படத்தைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறாள்.

சொன்னேன்.

"சார், படம் சரியாத்தான் ஓடுது. முட்டைலேர்ந்து சுருள் வரும்னு ரொம்ப முன்னாடி நெனச்சாங்க. அது அப்படி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. முதல் அத்தியாயத்துலயே எழுதியிருக்கேன் சார்."

அப்படியானால் கைகளையாவது கடைசிவரை இருக்கும்படி வைத்துவிடேன் என்றேன். பெரிய மனதோடு ஒரு படி இறங்கித்தான் வந்தேன்.

"நானா எதையும் வைக்கல சார். வாயு இருந்தா வட்டு நிக்கும், புது விண்மீன் பொறக்கும். எல்லா வாயுவும் தீந்துபோச்சுன்னா அவ்ளோதான்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியவில்லை. கத்தவில்லை. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24

செடிகளில் பாதி வாடிவிட்டன. திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் வாடகைக்காரன் சண்டைக்கு வருவான்.

ஜூலை 1

கணினி அறிவியல் துறைத்தலைவர் பிரசன்னாவைப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அறையில் இரண்டு ஏ.சி. இயந்திரங்கள். ஆனால் மரியாதையான பையன், எழுந்து நின்று நாற்காலி போட்டான். படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி மாற்றி, அந்த இரண்டு சுருள்களும் வரும் இடத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே செய்து தருவதாகச் சொன்னான்.

"நீங்க கவலைப்படாதீங்க சார். அன்னைக்கு நானே உக்காந்து ஓட்டுறேன்."

இரண்டு துறைகளும் ஒன்றாகப் போகும் வேளையில் இப்படி விட்டுக்கொடுக்கும் மனம் யாருக்கு வரும்? நல்ல பிள்ளை. இணைந்த பிறகு அவனுக்கு இளநிலை ஆய்வகத்தைப் பொறுப்பாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். போட்டுக் காட்டினான். முட்டை மெல்ல அவிழ்ந்து இரண்டு சுருள்களாக விரிந்தது. என் பாடம் என் கண்முன்னால் ஓடியது. திரையின் மூலையில் ஏதோ எண் ஓடிக்கொண்டிருந்தது; அலங்காரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 6

பேனர் வந்துவிட்டது. நடுவில் முதல்வர், வலப்பக்கம் பிரசன்னா, இடப்பக்கம் நான். பின்னணியில் ஒரு சுருள் மண்டலம், கீழே 'எங்கள் துறை எடுத்த பால்வெளியின் புகைப்படம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பால்வெளிக்குள் இருந்துகொண்டு அதை வெளியிலிருந்து படமெடுக்க முடியாதே சார் என்றாள் ஹசீனா. வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் முகப்பை எடுக்கிற மாதிரி என்றும் சேர்த்துக்கொண்டாள். பேனரில் அவள் படம் கீழ் வரிசையில், தபால்தலை அளவில். அந்த வருத்தத்தில் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்.

அவளிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். பத்தாம் தேதி படம் நான் சொல்கிறபடி ஓடும், அதற்கேற்ப எழுந்து விளக்கம் கொடு, அன்று மாலையே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். இதைவிட என்ன செய்ய முடியும்?

"என்னால பொய் சொல்ல முடியாது சார்."

பொய்யா, பொய்யா என்று இரண்டு தடவை கேட்டேன். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கேட்டது உரக்கத்தான், ஆனால் அதைக் கத்தல் என்று சொல்ல முடியாது.

ஜூலை 9

தொலைநோக்கி வந்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கும் முனையைக் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டார்கள். யாரும் உள்ளே பார்க்கப் போவதில்லை.

ஜூலை 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுவின் தலைவர் ஒரு விலங்கியல் பேராசிரியை. மெலிந்த உருவம், குரலும் அப்படித்தான். முதல்வர், பொன்னாடை, பழக்கூடை எல்லாம் முடிந்து எங்கள் துறைக்கு வந்தார்கள். பிரசன்னா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் மைக்கைப் பிடித்தேன். அம்மையாருக்குப் புரியும்படி அவருடைய துறையிலிருந்தே தொடங்கினேன்: எல்லா உயிரும் முட்டையிலிருந்து வருவதுபோல விண்மீன் மண்டலமும் முட்டையில்தான் தொடங்குகிறது. படம் ஓடியது. முட்டை அவிழ்ந்தது, சுருள்கள் விரிந்தன. இங்கே நிறுத்து என்று கையைக் காட்டினேன். பிரசன்னா என்னைப் பார்க்கவில்லை.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு சுருள்களும் விலகிப் போயின. கைகள் கரைந்தன. நீல விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்து வாயுவாகின. தேசிகம் துண்டு துண்டாகப் பிரிந்து, புகையாகி, பனிமூட்டமாகி, கடைசியில் திரையே இருண்டுவிட்டது. முதல்வர் கைதட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு," என்றார் அம்மையார். "ஆனா மூலையில வருஷம் குறைஞ்சுக்கிட்டே போச்சே சார். ஆயிரத்து முந்நூத்தி எண்பது கோடியில ஆரம்பிச்சு சைபர்ல முடிஞ்சுது. முட்டை மாதிரி இருக்கறதெல்லாம் முட்டை இல்லையே."

இருட்டறையிலிருந்து குணபாலனின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் காதுக்குள் அடைத்துக்கொண்டது. அழுத்தம் ஏறுவதற்கு டாக்டர் சொன்ன அடையாளம் அது. மைக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் சாதாரணமாக இதை எல்லாம் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஆனால் பயமாக இருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஹசீனா எழுந்து வந்தாள்.

"மேடம், முதல்ல பின்னோக்கி ஓட்டிக் காட்டணும்னு சார் சொன்னாங்க. வெளிச்சம் வந்து சேர காலமாகுறதால, வானத்துல தூரமாப் பாக்கப் பாக்க நாம பழச பாக்குறோம்ல, அந்த மாதிரி. இன்னைக்கு இருக்கறதுலேர்ந்து கிளம்பி, ஆரம்பம் வரைக்கும் போனோம். இப்ப அங்கேருந்து திரும்பி வர்றோம்."

பிரசன்னாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். படத்தை முன்னோக்கி ஓட்டினாள். பனிமூட்டம், முடிச்சுகள், வட்டு, கைகள், மோதல், சிவப்பு முட்டை. அவள் விளக்கும்போது குழுவில் ஒருவர்கூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அந்த முட்டை இனி என்ன ஆகும் என்று அம்மையார் கேட்டார். ரொம்ப காலம் இருக்கும் மேடம், புதுசா ஒண்ணும் பொறக்காது, உள்ளத வச்சுக்கிட்டு மெதுவா சிவந்துக்கிட்டே இருக்கும் என்றாள்.

உண்மையில் பின்னோக்கி ஓட்டச் சொன்னதில் என் நோக்கமும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து விசாலத்திடம் குழுவின் வருகை சிறப்பாக நடந்தது என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து போட்டாச்சா?"

ஜூலை 11

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15

குழுவின் பரிந்துரை வந்துவிட்டது. ஆய்வு மாணவியைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்த வரியில், இயற்பியல் துறையைக் கணினி அறிவியலோடு இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணினி அறிவியல் மற்றும் பயன்பாட்டு இயற்பியல் துறை. தலைவர் பிரசன்னா. இத்தனை ஆண்டு நாங்கள் நடத்தியது எந்தப் பயன்பாடும் இல்லாத இயற்பியல் என்று இப்போதுதான் தெரிகிறது.

என் மேசையைக் காலி செய்யும்போது முதல் அத்தியாயம் கையில் வந்தது. காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்ள இனி மேசையும் இல்லை. உட்கார்ந்து படித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

நன்றாக எழுதியிருக்கிறாள். ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு மண்டலங்கள் மோதும்போது விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லையாம். அவற்றுக்கு இடையே அவ்வளவு இடைவெளி. ஒன்றின் ஊடாக மற்றொன்று சுகமாகக் கடந்துபோய்விடும். முட்டிக்கொண்டு, சூடேறி, வெளியே தூக்கியெறியப்படுவது வாயுதான். எந்த வாயுவிலிருந்து புதிய விண்மீன்கள் பிறக்க வேண்டுமோ அந்த வாயு.

நான்கு மணிக்குக் குணபாலன் விடைபெற வந்தார். இணைப்புக்குப் பிறகு கௌரவ விரிவுரையாளர் தேவையில்லையாம். எனக்கு நாற்காலியும் சம்பளமும் அப்படியே இருக்கின்றன. பிரசன்னாவுக்கும்தான். நாங்கள் இருவரும் எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. குணபாலனிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், அன்றைக்கு இருட்டறையில் ரொம்பப் புழுக்கமாக இருந்ததா என்று கேட்டேன். பழகிப் போச்சு சார் என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டமாட்டேன்.

ஜூலை 16

ஹசீனாவை வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பேனா எழுதவில்லை, அவளுடைய பேனாவை வாங்கித்தான் போட்டேன்.

மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். பொய் சொல்லமாட்டேன் என்றவள், அன்றைக்குக் குழு முன்னால் ஏன் எனக்காக அப்படிச் சொன்னாய் என்று. குருபக்தி என்று ஏதாவது சொல்வாள், அடக்கமாக மறுக்கலாம் என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"கையெழுத்துக்காகத்தான் சார்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியம் வீணாகிவிட்டது. நியாயமான பதில் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரிரு சிறு குறிப்புகள் எழுதியிருக்கிறேன் என்றேன். அங்கேயே நின்று புரட்டினாள். முட்டையிலிருந்து சுருள் வராது, சுருள்கள் மோதித்தான் முட்டையாகும் என்று எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று எழுதியிருந்தேன். மொத்த அத்தியாயத்திலும் நான் எழுதியது அந்த ஒரு சொல்தான். அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் புரட்டாமல் வைத்திருந்தாள். அப்புறம், பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், போயிட்டு வர்றேன் என்றாள்.

வாடகைச் செடிகளை இன்று எடுத்துப் போய்விட்டார்கள். வராந்தா வெறிச்சென்று இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை மிச்சம்.

ஆகஸ்ட் 6

புனேயில் சேர்ந்துவிட்டதாக ஹசீனா செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே உள்ள ஒரு கணினிக்கு, எங்கள் கல்லூரியின் மொத்தக் கணினிகளையும் சேர்த்தாலும் ஈடாகாதாம். புதிய மண்டலம் ஒன்றை ஓடவிட்டிருக்கிறாள். இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை சார் என்று எழுதியிருந்தாள். நான் எதுவும் பரிந்துரைக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். அழுத்தம் குறைந்திருக்கிறது. டைரி வேலை செய்கிறது என்றார். கத்துவதற்குத் துறையில் யாரும் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இன்று மூன்றாம் ஆண்டுக்கு விண்மீன் மண்டலப் பாடம். கரும்பலகையில் அதே இசைக்கவைப் படம்தான் வரைந்தேன். அம்புக்குறி போடும் இடம் வந்ததும் கை தானாக முட்டையிலிருந்து சுருளுக்குப் போனது. அழித்துவிட்டுச் சுருள்களிலிருந்து முட்டைக்குப் போட்டேன்.

முன் வரிசையில் தர்ஷினி எழுந்தாள். கையில் ஒரு பழைய நோட்டு.

"சார், எங்க அக்காவும் உங்ககிட்டதான் படிச்சா. அவ நோட்டுல அம்பு அந்தப் பக்கம் போகுதே."

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறதல்லவா, அந்த வேகத்தில் அம்பு திரும்பியிருக்கும் என்றேன். வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினி உட்கார்ந்து, 'பிரபஞ்சம் விரிவதால் அம்பு திரும்பும்' என்று அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து அவளும் எழுதினாள். அந்த வரிசை முழுக்கக் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அக்கா, அக்காவுக்கு முன்னால் படித்தவர்கள், அவர்களில் இப்போது ஏதேதோ பள்ளிகளில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் குனிந்து எழுதியிருப்பார்கள்.

"அத எழுதாதீங்கம்மா," என்றேன். "அம்பை நான்தான் இத்தனை வருஷமா தப்பா போட்டேன்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு முன்பு எழுதியதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே நான் சொன்னதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டாள்.